ஹஜ்ஜில் போடாத சண்டை

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்னால் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்கோ" என்று வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குச் செய்த தவறை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவர்த் தகராறில் பல வருடமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டாரிடம் கேட்டார். மீன்காரியிடம் கேட்டார். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து ரயில் ஏறும்போது, பெட்டி தூக்கிய போர்ட்டரிடம்கூடக் கேட்டார். அந்த ஆளைப் பார்த்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கூடவே வருகிறவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தாரோ என்னவோ.

கேட்க வேண்டியது நிறையவே இருந்தது. அவர் கொழும்பில் முத்தும் கல்லும் விற்றார். வருடத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடியில் கப்பல் இறங்கி, எங்கள் ஊர் வழக்கப்படி என் தாய்வீட்டிலேயே என்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். கொழும்பில் அவர் இன்னொரு நிக்காஹ் செய்திருந்தார். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாளும் நாங்கள் அதைப் பேசியதில்லை. இரண்டு மாதத்தில் கப்பல் ஏறிவிடுகிறவரோடு சண்டையை எப்போது தொடங்கி எப்போது முடிப்பது?

உலக யுத்தம் ஓய்ந்து ஹஜ் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய காலம் அது. பம்பாயில் கப்பல் ஏறினோம். போகிற வழியிலேயே பேசித் தீர்த்துவிடுவது என்று உறுதியாக இருந்தேன். ஆனால் ஏறியதிலிருந்து எனக்கு ஓயாத வாந்தி. கொழும்புக்குப் போய்ப் பழகிய உடம்பு என்பதால் அவருக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. என் வாளியை அவர்தான் கழுவினார். முகம் சுளிக்காமல் வாளி கழுவுகிற ஆளோடு சண்டை போட யாருக்கு மனசு வரும்?

கமரான் தீவில் நோய்த்தடுப்புக்காக எங்களை இறக்கிக் குளிக்க வைத்து, துணிமணிக்கெல்லாம் மருந்துப் புகை போட்டுத் திரும்ப ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தெம்பு வந்தது. இன்றைக்குக் கேட்டே விடுவது என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கப்பல் சங்கு ஊதியது. யலம்லம் மலைக்கு நேரே வந்துவிட்டோம், எல்லோரும் இஹ்ராம் கட்டுங்கள் என்றார்கள். இஹ்ராம் என்பது ஹஜ்ஜுக்கான விரதக் கட்டு; கட்டிவிட்டால் களைகிறவரை நகம் வெட்டக் கூடாது, அத்தர் பூசக் கூடாது, சண்டையும் போடக் கூடாது. எழுந்து வந்துவிட்டேன்.

ஹஜ்ஜின் முக்கிய நாளன்று அரஃபா வெளியில் அவர் கூடாரத்துக்கு வெளியே நின்று, கையேந்தி, பகலெல்லாம் அழுதார். பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கொழும்பு விஷயம் உனக்குத் தெரியும். என்னைப் பொறுத்துக்கோ" என்றார்.

அத்தனை வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"சண்டை போடாம நான் எப்படிப் பொறுப்பேன்? இப்ப வாயத் தொறந்தா என் ஹஜ்ஜு கெட்டுப் போவும். இஹ்ராம் களையட்டும், பொறவு கேளுங்கோ."

"நீ பொறுக்காட்டி என் ஹஜ்ஜு என்னாவும்?"

"அத அப்பவே யோசிச்சிருக்கணும்."

இதுவே பாதிச் சண்டை. உடனே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு நாக்கை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மினாவில் ஷைத்தானுக்குக் கல்லெறியப் போகும் வழியில் வெயில் தாக்கி விழுந்தார். கண் மேலே செருகிவிட்டது. பக்கத்துக் கூடாரத்தார் தூக்கி வந்து நிழலில் போட்டு, ஈரத்துணி சுற்றினார்கள். அவரைப் போல விழுந்த ஒருவரை என் கண் முன்னாலேயே அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். அவர் காதில் வாயை வைத்து, "பொறுத்துட்டேன், பொறுத்துட்டேன்" என்று கத்தினேன். பயத்தில் சொன்னது. மனசு அதில் இல்லை. ஆனாலும் அவர் அந்தப் பாரத்தோடு போய்விடக் கூடாது என்று தவித்தேன்.

அல்லாஹ் காப்பாற்றினான். ஆள் தேறி எழுந்து, ஹஜ்ஜை முடித்து, திரும்பும் கப்பலில் ஏறுகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. நோயாளியோடு என்ன சண்டை? கப்பல் நகர்ந்ததும் அவரே சிரித்துக்கொண்டு, "அன்னைக்கு மினாவில நீ பொறுத்தேன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது செல்லாது! மவுத்தாப் போறீங்கன்னு பயந்து சொன்னது" என்று ஆரம்பித்தேன். மேல்தட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பெருநாளுக்குப் பெருநாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நான் தனியாகச் சோறு தின்றதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்க நான் நிறுத்தியபோதுதான் பேசினார்.

"கொழும்புலேர்ந்து கெளம்புறதுக்கு முன்ன அவகிட்டயும் பொறுத்துக்கிடச் சொல்லிக் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'முதல்ல ஊர்ல இருக்கிறவங்ககிட்ட கேளுங்கோ. எனக்காகவும் அவங்ககிட்ட கேளுங்கோ'ன்னா. எனக்குத்தான் உன் முகத்தப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல."

தம்ளரைக் கீழே வைத்தேன். நான் முகம் பார்த்திராத அந்தப் பெண்ணுக்கு என் நினைவு இருந்திருக்கிறது.

அவளை அந்த இடத்திலேயே பொறுத்துவிட்டேன். இவரைப் பொறுக்கத்தான் பம்பாய் வரை ஆயிற்று.