நாக்கில் வைக்காத உப்பு

காஜா முகைதீனுக்கு வளைகுடாவில் பதினான்கு வருஷ வேலை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கி மாற்றும் கூட்டத்தில் ஒருவராக இருந்தார். ஊர் திரும்பியதும் அந்த ‘ஒருவர்’ எப்படியோ ‘தலைவர்’ ஆகிவிட்டார். அந்தக் கதையை நம்பித்தான் வள்ளியூர் காசிலிங்கம் அண்ணாச்சி தன் ஆலையை அவர் கையில் ஒப்படைத்தார்.

ஆலை என்றால் ஒரு தகரக் கொட்டகை. சீமைக்கருவேலத்தைச் சில்லு சில்லாக வெட்டி, காற்றுப் புகாத உலையில் சூடேற்றுவார்கள். கிளம்பும் புகை வினையூக்கி உருண்டைகளின் வழியே போய்க் குளிர்ந்தால் எரியெண்ணெய். மரத்தில் உப்பு தங்கிவிட்டால் போச்சு, உருண்டைகள் வேலைக்கு ஆகாது. அதனால் காயல்பட்டினத்து உப்பளப் பக்கமிருந்து மரம் வந்தால் கூலிக்கு வரும் லூர்து மேரி அதைத் தொட்டியில் ஊறப்போட்டு அலசுவாள். கடைசித் தண்ணீரை காஜா பார்த்து ‘சரி’ என்ற பிறகே உலைக்குப் போகும். உப்பு அளக்கும் கருவி கெட்டுப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே பார்ப்பது என்றால், ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்புவது.

ரமலான் பிறந்தது. நோன்பு வைத்த வாயில் அந்தத் தண்ணீரை வைக்க காஜாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற மேரியிடம் “நீ கொஞ்சம் வச்சுப் பாரு” என்று சொன்னால் முடிந்தது. கௌரவம் விடவில்லை. வளைகுடா பார்த்த மனிதர், கூலிக்கு வரும் பெண்ணிடம் போய்க் கேட்பதா? தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தார். உப்பு கண்ணுக்கா தெரியும்?

“சரியா இருக்கு, போடு” என்றார்.

மூன்றாம் நாள் குழாயில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரும் தாருமாக வந்தது. உருண்டைகள் மொத்தமும் பாழ். அண்ணாச்சி ஆட்கள் எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டார்.

“யாருவே மரத்தக் கழுவுனது?”

“மேரிதான் அண்ணாச்சி” என்றார் காஜா. தான் ‘சரி’ சொன்னதை விட்டுவிட்டார். மேரி அவரை ஒரு தடவை பார்த்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னதும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து நோன்புக் கஞ்சியைக் காஜா பாதியிலேயே தள்ளிவைத்தார். வாயை அல்லாஹ்வுக்காகச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அதே வாயால் ஒரு ஏழையின் பிழைப்பைக் கெடுத்தோமே என்று கூசினார்.

“ஏன் இப்படி உக்காந்திருக்கிய?” என்று மனைவி கமர் நிஷா கேட்டாள். அவளிடம் சொன்னால் வளைகுடாக் கதையும் சேர்ந்து அவிழும்.

மேரி போன பதினோராம் நாள் தாங்கவில்லை. அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், தலைவராக இல்லாததையும் சேர்த்து.

அண்ணாச்சி வெகுநேரம் திட்டினார். பிறகு, “மொதல்ல அந்தப் பிள்ளையப் போய்க் கூட்டிட்டு வாரும்” என்றார்.

மேரி வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நோன்பாளி வெயிலில் நிற்கிறாரே என்று நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டாள். காஜா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார்.

“நீங்க நாக்குல வைக்கலன்னு பாத்துக்கிட்டுத்தாம்ணே நின்னேன்” என்றாள் மேரி. “நோம்பு வச்ச மனுசர நாலு பேரு முன்னால பொய்யராக்க வேண்டாம்னு வந்துட்டேன். மறுநாளே நீங்களா சொல்லிருவியன்னு நெனச்சேன். பத்து நாளாயிட்டு.”