பஞ்சுத் தும்மல்

பன்றியின் மூக்கில் சளி எடுக்கும் குச்சி ஒரு சாண் நீளம் இருக்கும். முனையில் துளிப் பஞ்சு. பன்றிகளுக்கு வரும் இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கண்காணிக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில், அந்தக் குச்சியோடு பண்ணை பண்ணையாக அலைவதுதான் அப்போது என் வேலை. திருப்பூரில் முதலிபாளையத்துக்கு அப்பால் இருந்த ஒரு பண்ணையில், ஒரு காலையில், அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன பொய்யை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

பண்ணைக்காரியை அக்கா என்றே கூப்பிடுவேன். கணவர் இல்லை. பனியன் கம்பெனி ஹாஸ்டல்களில் மிஞ்சும் சோற்றையும் சப்பாத்தியையும் மொபெட்டில் டிரம் கட்டி எடுத்து வந்து, வேகவைத்துப் போட்டு, நாற்பது வெள்ளைப் பன்றிகளை வளர்த்தார். "சளி, காய்ச்சலோட கொட்டாய்க்குள்ள போகாதீங்க, நம்ம வைரஸ் பன்னிக்கும் தொத்தும்" என்று நான் ஒருமுறை சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான் என்பதற்காகச் சொந்தத் தம்பியையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அன்று எனக்கு உடம்பு கொதித்தது. தொண்டையெல்லாம் ரணம். மாதிரிகளை வைக்கும் ஐஸ் பெட்டி கட்டியாகிவிட்டது, அவ்வளவு தூரம் வந்தும் ஆயிற்று. அதைவிட, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் இருமிக்கொண்டு திரும்பிப் போவதா என்ற வீம்பு. வாசலிலேயே இரண்டு தும்மல் போட்டேன்.

"ஏனுங்க சார், சளிங்களா?" என்றார் அக்கா.

"இல்லீங்கக்கா, பஞ்சுங்க. வர்ற வழியில ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

நம்பிவிட்டார். திருப்பூரில் பஞ்சுத் தூசிக்குத் தும்மாதவர் யார்? முகக்கவசம் மூச்சு முட்டியது. அதையும் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு பன்றியின் மூஞ்சிக்கு நேராகவும் குனிந்தேன். சீ, என்ன மனுஷன் நான்!

ஐந்தாம் நாள் போன் வந்தது. "சார், எல்லாம் இருமுதுங்க. தண்ணிகூடத் தொட மாட்டேங்குதுங்க." சினையாக இருந்த இரண்டு பன்றிகளுக்குக் குட்டி கலைந்தது. மறுபடி மாதிரி எடுத்து அனுப்பினோம். ஆய்வக டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். இந்த வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வகை புகுந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறிப் புதிதாக ஒன்று கிளம்பும். கட்டிங் டேபிளில் இரண்டு லாட் துணி கலந்துபோய், உடம்பு ஒரு நிறமும் கை வேறு நிறமுமாகத் தைத்து வரும் பனியனைப் போல. அக்காவின் பன்றிகளில் பன்றி வைரஸ் முன்பே இருந்ததை நான் எடுத்த முதல் மாதிரிகளே காட்டின. இப்போது வந்ததில் இரண்டு துண்டுகள் அந்த வருஷத்து மனிதக் காய்ச்சல் வைரஸுடையவை.

"இப்படிப் புதுசா வர்றது மனுஷங்களுக்குள்ள பரவினா, நம்ம உடம்புக்கு அதை அடையாளமே தெரியாது. சளியோட யாரு உள்ள போனது?" என்றார். நான் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதிகாரிகள் அதே கேள்வியை அக்காவிடம் கேட்டபோதும் பக்கத்தில்தான் நின்றேன். "நானாத்தான் இருக்குமுங்க. முந்தின வாரம் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. கவனிக்காம உட்டுட்டேன்" என்று அழுதார். அறிக்கையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நல்லவேளை, வைரஸ் பண்ணையைத் தாண்டவில்லை. செய்தி தாண்டியது. ஹாஸ்டல்காரர்கள் சோறு தர மறுத்தார்கள், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனார்.

நான் என்ன ஆனேன்? இப்போது பன்றி வளர்ப்போருக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். "ஓர் அம்மா, லேசான சளிதானேன்னு அலட்சியமா உள்ள போனாங்க" என்று ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் கதையாகச் சொல்வேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். போன மாதம் சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வரிசையில் அக்காவைப் பார்த்தேன். மறுபடி பண்ணை வைப்பதற்காக, பயிற்சிச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். வகுப்பு கலைந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"எம் பேரைச் சொல்லாம உட்டீங்களே சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க" என்று கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.