வேலுத்தாய் கத்தாத காட்சி

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த வேலுத்தாயை நடிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பட்டாசு வேலையைப் பற்றி விவரம் கேட்கத்தான் வந்தார்கள். 2006 கோடையில், கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் காளிராஜ், ஊர்க்காரர்களை வைத்தே ஒரு வெடிவிபத்துக் கதையைப் படமாக்கத் தொடங்கியிருந்தான். கம்பெனிக்குள் கேமராவோடு விடமாட்டார்கள் என்பதால் தரிசு நிலத்தில் தட்டியால் ஓர் அறை கட்டியிருந்தார்கள். வேலுத்தாய் அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஒத்தை வாசல் வச்சிருக்கீக. பத்திக்கிட்டா எங்கிட்டு ஓடுறது தம்பி?"

தட்டியைப் பிரித்து நான்கு பக்கமும் வாசல் வைத்தார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், நடிக்க வந்தவர்களுக்குச் சரம் பின்னச் சொல்லிக்கொடுத்தாள்.

புருஷனை இழக்கும் பெண்ணாக நடிக்கவிருந்த விஸ்வநத்தம் ஊர்க்கார அம்மா ஒருநாள் வரவில்லை. எல்லோர் கண்ணும் வேலுத்தாயிடம் போய்த் திரும்பியது. அவள் புருஷன் தங்கப்பாண்டியன் வெடிவிபத்தில் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதனால் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளே, "நான் நிக்கேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பிணத்தை அடையாளம் காட்டும் காட்சி.

"துணியை விலக்கினதும் கத்தி விழுறீகக்கா" என்றான் காளிராஜ்.

"அன்னைக்கு நான் கத்தலையே."

"பாக்குறவுகளுக்கு அழுகை வரணும்லக்கா."

"முகம் இல்ல தம்பி. அவுகளுக்கு வலது கால் பெருவிரல்ல பாதி நகம் கிடையாது. அதைப் பாத்து ஆமான்னேன். பெறகு சேலைத் தலைப்பால காலைத் துடைச்சேன். கரி போகல. போதும்மான்னு ஒருத்தர் சொல்லுற வரைக்கும் துடைச்சுக்கிட்டே இருந்தேன்."

காளிராஜ் வசன நோட்டை மூடிவைத்தான். அவள் சொன்னபடியே எடுத்தார்கள். துணிக்கடியில் படுத்திருந்த கொத்தனார் முனியராஜ் விம்மிவிட்டதால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு மகள் நினைப்பு வந்தது. அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், வலி தெரியவில்லை, உன்னைக் கேட்டார், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அழகுமீனாவிடம் சொல்லிவைத்திருந்தாள். பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அந்தக் காட்சியை நீக்கிவிடச் சொன்னால் காளிராஜ் நீக்கிவிடுவான். பல வாரம் சரம் பின்னிக்கொண்டே அதை யோசித்தாள். கடைசியில் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. படம் போடும் ஞாயிறு காலையில், தண்ணீர்க் குழாயடியில் வைத்து மகளிடம் சொன்னாள்.

"அப்பாவ மதுரைக்குக் கொண்டு போகல மீனா. கம்பெனியிலயே போயிட்டாக."

அழகுமீனா குடத்தை இறக்கினாள். "என்னையக் கேட்டாகன்னு சொன்னியே."

"கேக்க நேரமில்லாமப் போச்சு தாயி."

"அஞ்சு வருசமா அதைத்தான நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை அங்கேயே விட்டுப் போனாள்.

சமுதாயக் கூடத்தில் ஜன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படம் போட்டார்கள். அழகுமீனா வரவில்லை. கால் துடைக்கும் காட்சியில் வேலுத்தாய் திரையைப் பார்க்காமல் குனிந்திருந்தாள்.

இரண்டு நாள் மகள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அடையாளம் காட்டப் போகையில கூட யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

அடுத்து ஏழாயிரம்பண்ணையில் படம் போடக் கிளம்பியபோது, அழகுமீனா தானாகவே வேனில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அங்கே படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றாள். பெயர் சின்னத்தாய் என்றாள்.

"எம் மகளைக் கொலுசை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இதுவரைக்கும் யாருட்டயும் சொன்னதில்ல."

அழகுமீனா பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். காளிராஜ் வேனிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டான். மூவரும் எழுந்திருக்கவில்லை.