இரண்டு கையெழுத்து

நான் விழுப்புரத்தில் அரசாங்க எழுத்தராக இருந்தேன். என் மனைவி திண்டிவனத்தில் தன் தாயுடன் தங்கிப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினாள். இரு சம்பளத்தையும் ஓரிடத்தில் சேர்க்க எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூசை முடித்த திருநீற்றோடு விழுப்புரத்து வங்கிக்குச் சென்றோம்.

குமாஸ்தா விளக்கினார். "ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கற மாதிரி வெச்சிக்கலாங்க. ஒருத்தர் போய்ட்டா, இருக்கறவங்க எடுத்துக்கலாம்."

என் மனைவி முகம் சிவந்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சுமங்கலிய எதிர்ல வெச்சிக்கினு என்ன பேச்சுங்க இது? அத எழுதாதீங்க!"

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம். சண்டை போட்டுக்கினீங்கன்னா அரிசிக்குக்கூட வராதும்மா."

"சண்டை போட்டுக்கினே வர்றோம். எழுதுங்க."

கூற்றுவனை உதைத்த திருவடியைப் பொழுதெல்லாம் பாடும் என் வாயும் அவளை மறுக்கவில்லை.

ஞாயிறுதோறும் நான் திண்டிவனம் செல்வேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும், கையெழுத்திடுவதற்காகவே, அவள் ரயிலேறி வருவாள். பணம் எடுக்கும் சீட்டில் மேலே தன் கையெழுத்தை இட்டு, மையை ஊதி உலர்த்தி, கீழே நான் போட என் பக்கம் நகர்த்துவாள். பிறகு கோயிலுக்குப் போய்விட்டு, மாலை வண்டியில் திரும்பிவிடுவாள்.

சில ஆண்டுகளுக்குப் பின், வகுப்பில் நின்றவாறே அவள் சாய்ந்தாள். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. திண்டிவனத்து மருத்துவமனையில், இடக்கையால் அவள் கீறிய கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. மருத்துவர் சான்றுடன் கைநாட்டு வேண்டுமென்றார்கள். அதற்குள் மருந்துக்காக அவளுடைய தங்க வளையல்கள் அடகுக்குப் போயின. கண்ணாடி வளையல் மட்டும் மிஞ்சிய கையைப் பார்த்து அவள் அழுதாள்.

"அன்னிக்கு அந்த ஒரு வார்த்தைக்கு பயந்தேன். இப்ப உங்கள இப்படி அலைய வெச்சிக்கினு கெடக்கறேனே..." சொற்கள் குழறின.

அந்த வருத்தத்தோடு அவளை அனுப்பிவிடக் கூடாதே என்பதொன்றே அப்போது என் வேண்டுதல். "நீ ஒத்துக்கினு இருந்தா மாசாமாசம் விழுப்புரம் வந்திருப்பியா?" என்றேன்.

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "வந்திருக்க மாட்டேங்க."

தை பிறக்குமுன் இறைவன் அவளை அழைத்துக்கொண்டான்.

உரிய சான்றுகளைக் கொடுத்தபின், அதே குமாஸ்தா என் பெயருக்கு மட்டுமாகக் கணக்கை மாற்றினார். "இனி உங்க கையெழுத்து ஒண்ணே போதுங்க ஐயா" என்று தலை குனிந்தபடியே சீட்டை நீட்டினார்.

நான் கையெழுத்திட்டேன். அவர் சீட்டைப் பார்த்தார். அப்படியே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். மேலே அவளுக்கு இடம் விட்டு, கீழே எழுதியிருந்தேன்.