மயில் லேபிள் ஒட்டிய கிடார்

மைதா பசை காய்ச்சும் வாடை எங்கே வந்தாலும் இன்றும் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. சிவகாசியில் எங்கள் அச்சகத்தின் பின்னால், இப்போது லாரிகள் நிற்கிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது; வார்னிஷும் மரத்தூளும் மணக்கும் அந்தப் புழுக்கத்தில்தான் என் அக்கா மடியில் அடங்கும் சின்ன கிடார் ஒன்றைச் செய்தாள். கிடாரின் உடல் சிறியதென்பதால், ஒலி குன்றாமலிருக்க முன்பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு, அப்பளம்போல மெலிதாக இழைத்தாள். பெரிய கிடாருக்குச் சளைக்காமல் அது கணீரென்று ஒலித்தது.

அப்பா பூரித்துப்போனார். "நம்ம சரக்கு லேபிள் இல்லாம வெளிய போகலாமா தாயி?" என்று பட்டாசுப் பெட்டிக்கு அடித்த மயில் லேபிளை எடுத்து, முன்பலகை முழுக்கப் பசை தடவி ஒட்டினார். அதிர வேண்டிய பலகை அடங்கிப்போனது. அக்கா மீட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் தொப்பென்றது.

"இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் அப்பா.

அக்கா பிறகு இழைப்புளியைத் தொடவேயில்லை. பாழாய்ப்போன மயில் மட்டும் இன்னும் சாயம் வெளுக்கவில்லை.