சுமைக்கு ஒதுங்கும் கார்

"இருபத்தைந்து வயது நிரம்பாதவர், மோட்டார் ஓட்டுவதில் போதிய பழக்கமில்லாதவர், வேகத்தில் நாட்டமும் பிறர் உயிரில் அசட்டையும் உடையவர் என்று கொள்ளத்தக்கவர்."

இளவயது டிரைவர்களைப் பற்றி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று அச்சடித்து வைத்திருக்கும் வருணனை இது. இந்த வருணனைக்குள் அடங்குகிற சென்றாயன், காலப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே காரை ஓரமாக நிறுத்தி, பொதி சுமந்த இரண்டு கழுதைகள் கடந்துபோகக் காத்திருந்தான். கழுதைகளுக்கு அவசரமில்லை. அவனுக்கும் இல்லை. கூலி கொடுத்துக் காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இருந்தது.

"ஏனுங்க, கழுதைக்கெல்லாமா நிக்கறது?" என்றார் பின்சீட்டிலிருந்த புகையிலை வியாபாரி.

"சுமை ஏத்தியிருக்குதுங்களே" என்றான் சென்றாயன்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் கொல்லிமலைமேல் திண்ணனூர் நாடு. அங்கே காருக்கு வழியில்லை. மாட்டு வண்டிக்கும் இல்லை. கார் அடிவாரத்தில், காரவள்ளிப் புளியமரத்தடியில் நிற்கிறது. வீட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது. அவன் மனைவி இருசாயி ஒருநாள் இறங்கிவந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ரோடில்லாத ஊருக்குக் காரு வாங்குனவரு எங்கூட்டுக்காரரு. அடுத்தாப்புல கப்பல் வாங்குவாரு" என்று நின்றவர்களிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தவளைப் பொழுது சாய்வதற்குள் இறக்கி மலையேற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்குக் கூப்பன் முடியவில்லை. ஆகவே காரின் முதுகில் ஆளுயரக் கரியடுப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறான். அடுப்பின் புகையில்தான் எஞ்சின் ஓடுகிறது. காலையில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அடுப்புக்கு ஊதும் காற்றாடியின் கைப்பிடியைத் தோள் கழலச் சுற்றினால் எஞ்சின் ஒருவழியாக இருமும். கரி இருசாயியின் உபயம். தன் காட்டு மரத்தைச் சுட்டுக் கூடையில் அனுப்புகிறாள். மற்ற செலவுகளிலும் சென்றாயன் இறுக்கமான ஆள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுவான். பல்பு தேயுமென்று இருட்டியபின் ஓட்டமாட்டான். முன்பக்கத்து டயர் ஒன்றுக்குள் காற்றுக்குப் பதில் வைக்கோலும் கந்தலும் திணித்திருக்கிறது. "இது மூச்சு உடாதுங்க. ஆணி குத்துனா ஆணிக்குத்தான் நட்டம்" என்று அதைப் பெருமையாகத் தட்டிக் காட்டுவான்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன் ஒரே ஒரு விஷயத்தில் ஊதாரி. தலைச்சுமையோடு யார் எதிரே வந்தாலும் காரை ஓரங்கட்டி நிறுத்திவிடுவான். நின்றால் அடுப்பு சுணங்கும். ஏற்றத்தில் நின்றால் எஞ்சினே அணையும், மறுபடி காற்றாடி சுற்ற வேண்டும், கரி தண்டம். இருந்தும் நிற்பான். மலைப்பாதையின் சட்டம் அது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே ஓராள் அகலம். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் வெறுங்கையாக வருகிறவன் ஒதுங்க வேண்டும். அவன் நாட்டுத் தலைவரான பட்டக்காரராக இருந்தாலும் சரி, பெண் கேட்டுப் போகிற மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி. சென்றாயன் மலையிறங்கும்போது இந்தச் சட்டத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீயும்தானப்பா சுமை ஏத்தியிருக்கறே, எங்களை" என்று வாதம் செய்துபார்த்தவர்கள் உண்டு.

"அது எஞ்சினுக்குத்தானுங்க சுமை. நான் சும்மா குந்தியிருக்கறேன்" என்பான்.

ஹார்னை அவன் தொடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் போய்க் கத்துவது மரியாதையில்லை என்பது அவன் எண்ணம். தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, வண்டி வருதுங்க" என்பான். சுமைக்கு நிற்கும் இவன் பழக்கம் அடிவாரத்தில் தெரியவந்ததில் இன்னொரு பழக்கமும் பிறந்தது. கார் வருவது தெரிந்தால் சில விடலைகள் வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முக்கி முனகி நடக்கிறார்கள். கார் நிற்கிறது. கூடை வெறுங்கூடை என்று சென்றாயனுக்கும் தெரியும். "ஏமாத்தறானுவன்னு நெனச்சு ஒருநாளு நிக்காம போவேன். அன்னைக்குப் பாத்து நெசமான சுமையா இருக்கும்" என்கிறான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் வந்து சேர்ந்தது. ஜூலை முதல் தேதிக்குப் பிறகு, பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடுகட்டும் காகிதம் இல்லாத மோட்டார் எதுவும் ரோட்டில் ஓடக்கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. காகிதமில்லையென்றால் கார் புளியமரத்தடியிலேயே நிற்கும். அந்தக் காரை வாங்க அவன் அப்பன் பழனிமுத்து ஒரு ஜோடி எருதை விற்றிருந்தார். "எருது நின்னாலும் சாணியாச்சும் போடும்" என்று இப்போதே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

காகிதம் தருவதற்குச் சேலத்திலிருந்து ஏஜென்ட் அருணாசலம் வந்தார். கோட்டு, கண்ணாடி, கையில் தோல்பை. வயது இருபத்திரண்டு என்றால் கட்டணம் ஒன்றரை மடங்கு என்றார். ஆனால் கூடவே வந்து பார்த்து, இவன் நிதானமானவன் என்று தாம் சிபாரிசு எழுதினால் சாதாரணக் கட்டணம்தான் என்றும் சொன்னார். புது டயர் வாங்கவென்று வீட்டில் மிளகு மூட்டை கட்டி வைத்திருந்தான் சென்றாயன். சாதாரணக் கட்டணமென்றால் காகிதமும் வரும், டயரும் வரும். ஒன்றரை மடங்கென்றால் மிளகு அங்கேயே கரைந்துவிடும். வைக்கோல் டயரே கதி.

அருணாசலம் காரில் ஏறி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, நாமக்கல்ல நாலு மணி சேலம் பஸ். அதைப் புடிச்சுக் குடுத்துடு. நீ நிதானமானவன்னு அங்கேயே எழுதித் தர்றேன்."

நிதானத்தை நிரூபிக்க இப்படி ஒரு வழி இருப்பது சென்றாயனுக்குப் புதிது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அன்று இறக்கத்தில்கூட எஞ்சினை அணைக்கவில்லை. வழியில் ஒரு விறகுக்காரிக்கு நின்றான், புல்லுக்கட்டுக்காரர் ஒருவருக்கு நின்றான். நின்று இழந்த நேரத்தையெல்லாம் கிளம்பியபின் காரை உலுக்கி ஓட்டி ஈடுகட்டினான். வெறுங்கூடை விடலை ஒருவனுக்கும் நின்றபோது அருணாசலம், "யோவ், அது காலிக் கூடைய்யா" என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

சேந்தமங்கலம் தாண்டி ஒரு ஏற்றம், ஏற்றத்தின் தலையில் குறுகிய பாலம். கார் மூச்சுப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோது பாலத்தின்மேல் பழக்காரி கண்ணாயி வந்துகொண்டிருந்தாள். தலையில் பலாப்பழம், அதன்மேல் ஒரு சாக்கு.

"ஹார்ன் அடி. சுவரோரமா ஒட்டி நிப்பா" என்றார் அருணாசலம்.

"சுமையோட வாராங்க."

"என் மடியிலயும்தான்யா சுமை இருக்கு."

சென்றாயன் திரும்பிப் பையைப் பார்த்தான். "மடியில வெச்சா அது சுமையில்லீங்க."

"நிறுத்தினே, ஏத்தத்துல எஞ்சின் போயிடும். பஸ் போயிடும். சிபாரிசும் போயிடும். சொல்லிட்டேன்."

சென்றாயனின் கை ஹார்ன்வரை போயிற்று. மலையிலிருந்து இறங்கியபின் முதல்முறையாகப் போன கை அது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கையே காரைச் சரிவிலேயே ஓரங்கட்டியது. கார் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. அவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

கண்ணாயி கிட்டே வந்தாள். "ஏன் கண்ணு, ஏத்தத்துல நிறுத்திப்புட்டே? உள்ள ஆரு, தாசில்தாருங்களா?"

"இல்லீங்கக்கா. நான் ஆரையாச்சும் மோதுனா பணங்கட்டறவரு."

"மோதுனியா?"

"இல்லீங்க."

"பாவம். அவ்வளவு தூரத்துல இருந்து வந்தாரு" என்று கண்ணாயி தலையசைக்க முடியாமல் கண்ணாலேயே வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனாள்.

சென்றாயன் பின்னால் போய்க் காற்றாடியைச் சுற்றினான். நாமக்கல் சேர்ந்தபோது சேலம் பஸ் போன இடத்தில் புழுதி மட்டும் இருந்தது. அருணாசலம் நின்றபடியே தாளை எடுத்து, கம்பெனியின் வருணனை பொருந்துகிறது என்று எழுதினார். படித்தும் காட்டினார்.

"ஒன்றரை மடங்கு. ஜூலைக்குள்ள கட்டணும். முடியுமா?"

"மொளகு இருக்குதுங்க."

"ஒரு ஹார்ன் அடிச்சிருந்தா மிச்சமாயிருக்கும்."

"ஆமாங்க" என்றான் சென்றாயன். அதை அவன் மறுக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் அவன் மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். எதிரே ஏறிவந்தவர்கள் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். அவன் அடிவாரம்வரை நடந்தான். மிளகை விற்று, ஒன்றரை மடங்குக் கட்டணத்தைக் கட்டினான்.