மூச்சு அழிந்த கார்டு

பொம்மை செய்யும் ஈரக் களிமண் வாசம் வந்தாலே எனக்கு அண்ணனின் கார்டுதான் ஞாபகம் வரும். லாரி ஓட்டும் அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குவார். அதன் மெமரி கார்டில் ஒரு மாத மூச்சு பதிவாகியிருந்தது. அதைப் பார்த்தால்தான் அண்ணன் மறுபடி லாரி ஓட்டப் பாண்டிச்சேரி டாக்டர் சம்மதிப்பார். லாரி முதலாளியோ அந்த வாரத்துக்குமேல் காத்திருக்க மாட்டார்.

என் கேமரா கார்டு நிறைந்திருந்தது. சூளைக்குப் போகும் என் களிமண் பொம்மைகளைப் படமெடுக்கும் அவசரத்தில் அண்ணனின் கார்டைச் செருகினேன். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேமரா கேட்டது. அமுக்கிவிட்டேன்.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நீங்க எடுத்த பொம்மைதாங்க வருது. வேற ஒண்ணும் இல்லீங்க."

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், பாண்டிச்சேரிக்குக் கிளம்பி நின்ற அண்ணனிடம் வெற்றுக் கார்டை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணன் பஸ்ஸில் ஏறித் திரும்பினார்.

"வேலை போனாப் போவுது. வூட்டுக்குப் போயி சாப்புடு. டாக்டருக்கு இன்னொரு மாசம் தூங்கிக் காட்டுறேன்டா, அவ்ளோதான?"